துருவப் பனியும் லிங்கிக் கரைத் தோட்டங்களும்

சிரம்பான் நகரை விட்டுத் தென்மேற்கே போர்ட்டிக்சனை நோக்கிச் செல்லும் பழைய சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள், இருமருங்கிலும் அணிவகுத்து நிற்கும் செம்பனை மரங்களின் பசுமையிலே மனத்தைப் பறிகொடுத்துவிடுவதால், அந்தச் சாலை இறங்கிக்கொண்டே போகிறது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் புறப்படும் பூமி, மேடும் பள்ளமுமாகத் தாழ்ந்து, மாம்பாவ், சிலியாவ், லுக்குட் என்று ஊர் ஊராகக் கடந்து, மலாக்கா நீரிணையின் ஓரத்தில் மணலாகவும் சதுப்பாகவும் முடிந்துபோகிறது. நெகிரி செம்பிலானுக்கு வாய்த்திருக்கும் கடற்கரை மிகவும் குறுகியது. வடக்கே செப்பாங் ஆறும் தெற்கே லிங்கி ஆறும் எல்லையாக நிற்க, இடையில் கிடக்கும் அந்தச் சிறு விளிம்பு ஒன்றே இந்த மாநிலம் சமுத்திரத்தைத் தொடும் இடம். அந்த விளிம்பையும், அதை ஒட்டி நம்மவர் பல தலைமுறைகளாக உழைத்துவரும் தோட்டங்களையும் நேரில் பார்த்து, உலகத்தின் இரு துருவங்களிலும் உருகிக்கொண்டிருக்கும் பனிக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் நான் புறப்பட்டேன்.

உடன் வந்த நண்பர், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு பால்மரம் அழிந்து செம்பனை வந்தது, எந்த லயம் எப்போது இடிக்கப்பட்டது, எந்த மாரியம்மன் கோயில் எங்கே பெயர்த்து வைக்கப்பட்டது என்பதையெல்லாம் அவர் சொந்தக் குடும்பத்துக் கதையைப் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். 1891-ஆம் ஆண்டில் சுங்கை ஊஜோங் ரயில்வே இந்த வழியாகத்தான் சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்தது. ஈயத்தைச் சுமந்த அந்தப் பாதையின் இருபுறமும், பிறகு ரப்பருக்காகக் காடு அழிக்கப்பட்டபோது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் முன்னோர் வந்து குடியேறினார்கள். ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆசிரியர் எனக்குக் காட்டிய ஒரு விஷயம் பிரயாணம் முழுவதும் என் நினைவை விட்டு அகலவில்லை. பழைய தோட்டம் எதற்குள் நுழைந்தாலும், குன்றின் உச்சியில், நாற்புறமும் காற்று வீசும்படியான இடத்தில் துரையின் பங்களா இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே கிராணிமார்களின் வீடுகள். இன்னும் கீழே ஸ்டோரும் பெரட்டுக் களமும். எல்லாவற்றுக்கும் கீழே, ஓடையோ வாய்க்காலோ செல்லும் தாழ்வான இடத்தில் தொழிலாளர் லயங்களும், அவற்றுக்கும் அப்பால் இடுகாடும். உச்சியில் குடியிருந்தவனுக்கு அழகாகத் தெரிந்த மழை, அடியில் குடியிருந்தவனின் வாசலில் வெள்ளமாக வந்து நின்றது. உயரத்தின் இந்த வரிசை அன்று அதிகாரத்தின் வரிசையாக ஏற்பட்டது. இனி வரப்போகிற காலத்தில் அது வேறொரு கணக்குக்கும் அடிப்படையாகப் போகிறது.

போர்ட்டிக்சனைக் கடந்து, தெலுக் கெமாங் கடற்கரையில் விடுமுறைக் கூட்டத்தையும் கடந்து, தஞ்சோங் துவான் முனைக்குச் சென்றோம். நிர்வாகத்தில் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் நிலப்பக்கமெல்லாம் நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருக்கும் அந்தக் குன்றின் மீது, போர்த்துகீசியர் காலத்திலிருந்தே கலங்கரை விளக்கம் ஒன்று இருந்துவருகிறது. நீரிணை இங்கே மிகக் குறுகியது. எதிர்க்கரையில் சுமாத்ராவைச் சேர்ந்த ரூபாட் தீவுக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. மார்ச் மாதத்தில், தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் இந்தக் கடலைக் கடந்துவந்து முதன்முதலில் கரை காண்பது இந்தக் குன்றின் மேல்தான். பாறைக்குக் கீழே கலங்கிய பச்சை நிறத்தில் அலை மோதிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கப்பல்கள் தொடுவானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அசைவில்லாதவைபோல் நின்றன.

அந்த ஜலப்பரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இது ஆதி முதல் கடலாகவே இருந்துவந்ததன்று என்ற உண்மை உள்ளத்தை உலுக்கியது. இன்றைக்குச் சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்காவையும் ஐரோப்பாவின் வடபகுதியையும் கிலோமீட்டர் கணக்கான கனத்தில் பனி மூடியிருந்த காலத்தில், சமுத்திரத்திலிருந்து போன ஜலம் அங்கே கட்டியாக உறைந்து கிடந்ததால், கடல்மட்டம் இப்போதிருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாவும் சுமாத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. விஞ்ஞானிகள் அதைச் சுண்டா நிலம் என்கிறார்கள். நான் நின்ற குன்றிலிருந்து சுமாத்ராவுக்கு அன்று ஒருவன் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது. அது எப்போதும் நிதானமாகவே ஏறவில்லை என்பதற்குச் சான்று, தொலைவில் எங்கோ அல்ல, இந்தச் சுண்டாக் கடலடியிலேயே அகப்பட்டிருக்கிறது. கடலுக்கடியில் புதைந்து கிடந்த பழைய கண்டல் காடுகளின் வேர்களையும் சேற்றையும் துளையிட்டு எடுத்து, கரிமக் கணக்கினால் அவற்றின் வயதை நிர்ணயித்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி முந்நூறே ஆண்டுகளுக்குள் கடல் 16 மீட்டர் உயர்ந்ததென்று 2000-ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல்! ஒரு மனிதனின் ஆயுளுக்குள் மூன்று மீட்டர்! பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அந்தக் கடல்கோளை இந்தச் சுண்டாக் கடலோடு முடிச்சுப் போட எனக்கு ஆதாரமில்லை, போடவும் மாட்டேன். ஆனால், நிலத்தைக் கடலுக்குக் கொடுத்த நினைவைக் காவியத்தில் வைத்துப் போற்றிய ஜனங்கள், வரப்போகும் கடல்கோளைப் பற்றி அசட்டையாக இருப்பது நியாயமாகுமா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அங்கிருந்து பாசிர் பாஞ்சாங் வழியாகத் தெற்கே திரும்பி, லிங்கி ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த தாழ்ந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தோம். சற்று உள்ளே, பெங்காலான் கெம்பாஸில், 1467-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டோடு கூடிய அகமது மஜ்னுவின் சமாதியும், அதைச் சூழ்ந்து நிற்கும் புராதனக் கற்களும் இருக்கின்றன, அவற்றையும் கண்டுவந்தோம். ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது கற்களல்ல, ஒரு மதகு.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டியிருந்த வடிகால் ஒன்று, மண்கரையைத் துளைத்துக்கொண்டு ஆற்றில் போய் விழும் இடத்தில் அது இருந்தது. கனமான மரப்பலகை ஒன்றை மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கடல் வற்றும்போது தோட்டத்துத் தண்ணீர் உள்ளிருந்து தள்ள, பலகை தானே திறந்துகொள்ளும். கடல் ஏறும்போது ஆற்று நீர் வெளியிலிருந்து தள்ள, தானே மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம், யந்திரம் வேண்டாம். பலகையின் வெளிப்புறத்தில் சிப்பிகள் அடை அடையாகப் பற்றியிருந்தன. உட்புறத்தில் பாசி மட்டுமே படிந்திருந்தது. உப்புக்கும் நன்னீருக்கும் நடுவே இரண்டு அங்குலக் கனம்! இந்த மாநிலத்தின் தாழ்ந்த தோட்டங்களிலும், வடக்கே சிலாங்கூரில் கரை கட்டிக் கடலைத் தடுத்துப் பயிரிடும் கேரித் தீவிலும், ஆயிரக்கணக்கான ஏக்கர் செம்பனை உயிரோடிருப்பது இத்தகைய மதகுகளின் தயவினாலேதான்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முன்பு அந்தத் தோட்டத்திலேயே மண்டோராக இருந்தவர், ஆசிரியரை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்தார்.

“இந்த மதகைப் பார்க்கவா வந்தீங்க, வாத்தியாரையா?” என்று வியப்போடு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “முன்னே கடல் வத்தினா ரொம்ப நேரம் தொறந்தே கெடக்கும் ஐயா. காண்டா வாளியிலே பால் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போயித் திரும்பி வந்தாலும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். இப்போ பாசாங் (கடல் ஏற்றம்) சுருக்கா வந்து மூடிடுது. வெளியே போவ வேண்டிய தண்ணி உள்ளேயே நின்னுடுது” என்றார்.

ஒரு முதியவரின் ஞாபகத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வதற்கில்லை என்பதை அறிவேன். வடிகாலில் சேறு ஏறினாலும், கரை அமிழ்ந்தாலும் இதே விளைவு உண்டாகும். ஆனால் கடல் உயர்வது மதகில் எப்படித் தெரியும் என்று அவர் சொன்ன முறை சரியானதே. இப்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் உண்டு. கடலின் சராசரி மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும், வடிகால் நீரைவிட ஆற்று நீர் தாழ்ந்திருக்கும் நேரம் அவ்வளவுக்குக் குறையும். கடல் கரையைத் தாண்டிக் குதித்து வந்து தோட்டத்தை விழுங்கப் போவதில்லை. மதகு திறந்திருக்கும் நாழிகையை ஒவ்வொன்றாகத் திருடிக்கொண்டு போகும். மழைநீர் வெளியேற வழியின்றி வேரடியில் தேங்கும். செம்பனையின் வேர் மூச்சு முட்டும். வறட்சிக் காலத்தில் அடியிலிருந்து உப்பு ஊறி மேலே வரும். ஆற்றோர வரிசையில் சில மரங்களின் கீழ்மட்டைகள் பழுத்துக் காய்ந்து தொங்கியதையும், குலைகள் சிறுத்திருந்ததையும், வடிகால் ஓரத்தில் கழிமுகச் சேற்றில் முளைக்கும் பெரணிகள் உயர்ந்து வளர்ந்திருந்ததையும் பார்த்தோம்.

பெரியவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். “டிவியிலே பனி உருகுது, பனி உருகுதுன்னு காட்டுறாங்க. அது எங்கேயோ உலகத்தோட ஓரத்திலே கெடக்குது. அங்கே உருகுற தண்ணி அங்கே இருக்கிற கடலைத்தானே ஏத்தணும்? லிங்கிக்கு ஏன் ஐயா வருது?”

படித்தவர்கள் பலருக்கும் தோன்றாத கேள்வி இது. இதற்குரிய விடையோ நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது.

முதலில், எல்லாப் பனியும் கடலை உயர்த்துவதில்லை. வடதுருவத்துச் சமுத்திரத்தின்மேல் மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் அனேகமாக உயராது. விளிம்பு வரை நிறைந்த தே-ஓ டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தாலும் தேநீர் வழிவதில்லை அல்லவா? உயர்த்துவது நிலத்தின்மேல் படிந்திருக்கும் பனி. கிரீன்லாந்தின்மேல் கிடப்பது முழுவதும் உருகுமானால் உலகக் கடல்கள் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். அண்டார்க்டிகாவின் பனி முழுவதற்கும் கணக்கு ஏறக்குறைய 58 மீட்டர். அவ்வளவும் உருகுவதற்குப் பல நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும் என்பது உண்மையே. ஆனால் உருகத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. 2002-ஆம் ஆண்டு முதல் வானிலிருந்து பூமியின் ஈர்ப்பை அளந்துவரும் செயற்கைக்கோள்கள், கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியையும், அண்டார்க்டிகா சுமார் 15,000 கோடி டன்னையும் இழந்து வருவதாகக் காட்டுகின்றன. 36,000 கோடி டன் பனி கடலில் கலந்தால் உலகமெங்கும் ஒரு மில்லிமீட்டர் உயர்வு. மலைகளின் பனியாறுகளும், உஷ்ணத்தால் தானே விரியும் கடல் நீரும் இதோடு சேர, 2006 முதல் 2018 வரை கடல் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. 1901 முதல் கணக்கிட்டால் மொத்தம் 20 சென்டிமீட்டர். இந்த நூற்றாண்டின் முடிவில், புகையை வெகுவாகக் குறைத்தால் அரை மீட்டர் அளவிலும், குறைக்காமல் விட்டால் ஒரு மீட்டரை ஒட்டியும் உயரக்கூடும் என்பது பருவநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் மதிப்பீடு. மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்பாளங்கள் நிலைகுலைந்தால் இந்த எல்லையோடும் நில்லாது.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். சந்திரன் கடலை இழுப்பதைப் போலவே, மலைமலையாகக் குவிந்திருக்கும் பனியும் தன் கனத்தினால் சுற்றியுள்ள கடலைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. ஆகையால் கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல் இயல்பாக இருக்க வேண்டியதைவிட மேடாக நிற்கிறது. பனி உருகி அதன் கனம் குறைந்ததும் அந்தப் பிடி தளர்கிறது; பிடியில் இருந்த ஜலம் விலகி ஓடுகிறது; அங்கே கடல் தாழ்கிறது! விலகி ஓடும் ஜலம் தொலைவிலுள்ள கடல்களில் போய்ச் சேர, அங்கெல்லாம் உயர்வு உலகச் சராசரியையும் மிஞ்சுகிறது. பனிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள இந்த இழுவிசையை அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் உட்வர்ட் 1888-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். இரு துருவங்களிலிருந்தும் மிகத் தொலைவில், பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பது லிங்கி. ஆகவே பனியையே கண்ணால் கண்டிராத ஜனங்கள், அந்தப் பனி உருகுவதன் விளைவைச் சராசரிக்கு மேல் ஏற்க வேண்டியவர்களாகிறார்கள். இதை ஆசிரியர் தோட்டத் தமிழில் எளிமையாக எடுத்துச் சொன்னபோது, பெரியவர் நெடுநேரம் மதகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அங்கே எறங்கி இங்கே ஏறுதா? இது என்ன ஞாயம்?” என்றார்.

ஆற்றின் இருகரையிலும் இன்னும் கண்டல் காடு இருக்கிறது. அலையின் வேகத்தைத் தணித்து, சேற்றைப் பிடித்துவைத்து, கடலோடு போட்டியிட்டுத் தன் நிலத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஆற்றல் படைத்த காடு அது. அந்த ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளின் சான்றுகளை 78 இடங்களிலிருந்து தொகுத்து 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, கடல் ஆண்டுக்கு ஆறேழு மில்லிமீட்டருக்கு மேல் உயரத் தொடங்கினால் கண்டலால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது அது பின்வாங்கி நிலத்தின் உட்புறம் வந்தாக வேண்டும். ஆனால் பின்னால் தோட்டத்தின் மண்கரை நிற்கிறதே! கரைக்கும் கடலுக்கும் நடுவே நசுங்கி அது அழியும். கண்டல் அழிந்தபின் மண்கரை அலைக்கு முன் நேருக்கு நேர் நிற்கும். மறுபுறம், இந்த ஆற்று நீரையே சுத்திகரித்துக் குடிநீராக்கி அனுப்பும் நிலையமும் லிங்கிக் கரையிலேதான் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் உப்பு எவ்வளவு தூரம் ஆற்றில் ஏறி வரும் என்பது தோட்டத்துக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமன்று. சமதரையில் சிறு உயர்வும் பெரும் பரப்பைத் தின்றுவிடும்: ஆயிரம் அடிக்கு ஓர் அடி சரிவுள்ள நிலத்தில், ஓர் அடி உயரும் கடல் ஆயிரம் அடி உள்ளே வரும்.

மலேசியாவுக்குத் தென்துருவம் அந்நியமான விஷயமும் அல்ல. 1980-களில், ஒரு சில நாடுகள் மட்டும் அண்டார்க்டிகாவை நிர்வகிப்பது தகாது, அது மனித குலம் முழுமைக்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று வாதாடியது இந்த நாடு. 2011-இல் அண்டார்க்டிகா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. அன்று சொன்ன வாதத்தின் உண்மை இன்று லிங்கி மதகில் தெரிகிறது. அந்தப் பனியின் நன்மை தீமையில் இந்தக் கரைக்குப் பங்கு இருக்கிறது.

திரும்பும் வழியில் ஆசிரியர் அதிகம் பேசவில்லை. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, வேலையும் வீடும் ஒருசேர இழந்து ஜனங்கள் தெருவில் நின்றதை அவர் சிறுவயதில் கண்டவர். அந்த வேதனையிலிருந்துதான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அதன் பிறகும் எத்தனையோ தோட்டங்கள் நகரங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. எத்தனையோ குடும்பங்கள் ஒதுக்கப்பட்ட இடத்துக்குப் பெயர்ந்தன. ரப்பர் விலை ஒருமுறை பெயர்த்தது. நிலத்தின் விலை இன்னொரு முறை பெயர்த்தது. கடல் மூன்றாவது முறையாகப் பெயர்க்கும்படி விட்டுவிடலாகாது என்பதே இந்தப் பிரயாணத்தின் முடிவில் எனக்கு ஏற்பட்ட உறுதியான அபிப்பிராயம். கம்பெனிக்கு மரம் பட்டுப்போனால் நஷ்டக் கணக்கு எழுதிவிட்டு மேட்டு நிலத்துக்குப் போக முடியும். ஆயுள் முழுவதும் உழைத்த சேமிப்பை முப்பது வருஷக் கடனோடு சேர்த்து ஒரு தாழ்ந்த மனையில் கொட்டிவிட்ட குடும்பத்துக்கு அது முடியாது.

ஆகவே, இந்தக் கடற்கரைப் பக்கத்திலும், இதுபோன்றே தாழ்ந்து கிடக்கும் சிலாங்கூர், பேராக் கரைகளிலும், நம் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினத்துக் கழனிகளிலும் வாழும் ஒவ்வொருவரிடமும், கோயில் கமிட்டிகளிடமும் தொழிற்சங்கக் கிளைகளிடமும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. உங்களுக்கு ஒரு வீட்டு மனையோ, பள்ளிக்கோ கோயிலுக்கோ மாற்று நிலமோ தருவதாகச் சொன்னால், அது சாலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெரிய ஏற்றத்தின்போது கடல் எட்டும் மட்டத்துக்கு மேலே அந்த மண் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, அதன் வடிகால் எந்த மதகில் போய் விழுகிறது, அந்த மதகையும் கரையையும் இன்னும் முப்பது வருஷம் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் கேளுங்கள். மாவட்டத்து வடிகால், நீர்ப்பாசன இலாகாவுக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.